ஸ்ட்ரோப் நிக்குது, ஃபோன் 33.12, டெஸ்ட் ரெக்கார்டு 3153: எதை நம்புறது?

லவ்டேல்_லாங்பிளே

வணக்கம். எல்பி ரெக்கார்டுகளைக் கணினியில் ஏத்துறதுக்கு முன்னாடி டர்ன்டேபிள் வேகத்தை அளந்து வைக்கலாம்னு பார்த்தா, மூணு கருவி மூணு பதில் சொல்லுது.

பெல்ட் டிரைவ், 230 வோல்ட், 24 துருவ சின்க்ரனஸ் மோட்டார். வேகத்தைத் திருத்துற திருகு கிடையாது. ஊசியழுத்தம் 2 கிராம்.

ஸ்ட்ரோப் அட்டையில் (கோடு போட்ட வட்ட அட்டை, மின்னுற விளக்குல கோடு நின்ன மாதிரி தெரிஞ்சா வேகம் சரி) 50 ஹெர்ட்ஸ் வளையம், 180 கோடு. ஊசி இறக்காம பார்த்தா கிட்டத்தட்ட நிக்குது. 15 விநாடிக்கு ஒரு கோடு முன்னால நகருது.

ஃபோன் ஆப், தட்டின் நடுவில் வைத்து: நிமிஷத்துக்கு 33.12 சுத்து. இருக்க வேண்டியது 33⅓.

3150 ஹெர்ட்ஸ் டோன் மட்டும் பதிஞ்ச டெஸ்ட் ரெக்கார்டு: 3146க்கும் 3160க்கும் நடுவில் ஆடுது, சராசரி 3153.

முதல் கணக்குப்படி லேசா வேகம். ஃபோன் கணக்குப்படி அரை சதவீதத்துக்கு மேல மெதுவு. ரெக்கார்டு கணக்குப்படி வேகமும் இருக்கு, ஆட்டமும் இருக்கு. தட்டுல போகப்போறது பெரும்பாலும் நாதஸ்வரம், வீணை. கார்வை ஆடினா காதுக்கு உடனே தெரியும். எதை நம்பறது?

கொண்டைஊசி_14

மூணு கருவியும் மூணு வேற கேள்விக்குப் பதில் சொல்லுதுங்க.

ஸ்ட்ரோப் சொல்றது: தட்டு உங்க வீட்டுக் கரண்டோட ஒத்துப் போகுதா. கரண்டே 50 ஹெர்ட்ஸ்ல இல்லேன்னா அது அதுக்குத் தெரியாது. 50 ஹெர்ட்ஸ் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். 180 கோட்டில் 33⅓ வேகத்துக்கு விநாடிக்கு 100 கோடு கடக்கும். அதனால 10 விநாடிக்கு ஒரு கோடு நகர்ந்தா 0.1%. உங்க 15 விநாடிக்கு ஒரு கோடுன்னா 0.067% வேகம். அதுவும் ஊசி இறக்காத வேகம், பாடும்போது உள்ள வேகம் இல்லை.

ஃபோன் சொல்றது அதுக்குள்ள சுழற்சியை உணர்ற ஜைரோ சில்லு எவ்வளவு நேர்மைன்னு. அதைத் தனியா எழுதறேன்.

டெஸ்ட் ரெக்கார்டு சொல்றது நாலு சமாச்சாரத்தோட கூட்டு: தட்டோட வேகம், அந்த ரெக்கார்டை வெட்டின இயந்திரத்தோட வேகம், நடு ஓட்டை எவ்வளவு தள்ளியிருக்கு, டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்குற கை) எப்படி ஆடுது. சராசரி 3153ங்கறது முதல் ரெண்டோட பலன். 3146–3160 ஆட்டம் கடைசி ரெண்டோட பலன், அதிலும் பெரும்பங்கு ஓட்டைதான். அந்த ஆட்டம் 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்துபோகுதான்னு பாருங்க. 33⅓ல ஒரு சுத்துக்கு 1.8 விநாடி. அப்படின்னா தட்டையோ மோட்டாரையோ திட்ட வேண்டியதில்லை.

குந்தா_கரண்ட்

கரண்டைப் பத்தி ரெண்டு வரி. அனுமதிக்கப்பட்ட அலைவெண் வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. அதாவது −0.2% முதல் +0.1% வரை. சின்க்ரனஸ் மோட்டார் இதை அப்படியே பின்தொடரும். ஸ்ட்ரோப் விளக்கும் அதே கரண்டில்தான் எரியுது. ரெண்டும் கைகோத்துக்கிட்டு ஏறி இறங்கும். கோடு மட்டும் அசையாம நிக்கும். ஒரே ஆளை வாதியும் சாட்சியுமா நிறுத்தின கதை.

பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்கள் பக்கத்துல இருக்கு, நம்ம மலைக்குக் கரண்ட் சுத்தமா வரும்னு சிலர் நினைக்கிறாங்க. மின்னழுத்தத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம், அலைவெண்ணுக்குப் பொருந்தாது. 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியா தென்னக கிரிட் (மின்தொகுப்பு) மத்த கிரிட்டுகளோட இணைஞ்சதுக்கு அப்புறம் நாடு முழுக்க ஒரே அலைவெண். லவ்டேல்ல 50.03ன்னா லக்னோவிலும் 50.03தான்.

லவ்டேல்_லாங்பிளே

அப்போ மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓட்டும்போது?

குந்தா_கரண்ட்

இன்வெர்ட்டர்ல அளக்கவே அளக்காதீங்க. அதோட அலைவெண்ணை அதுக்குள்ள இருக்கிற ஆசிலேட்டர் முடிவு பண்ணும். அதுக்கும் கிரிட்டுக்கும் சம்பந்தமில்லை. அரை ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தா ஒரு சதவீதம் போச்சு. ஸ்ட்ரோப் விளக்கும் அதே இன்வெர்ட்டர்ல இருந்தா அந்த ஒரு சதவீதமும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கொயர் வேவ் வகைன்னா அளவு கிடக்கட்டும், மோட்டாரே உறுமும், சூடாகும். பதிவு பண்றதை நிறுத்திட்டு கரண்ட் வந்தப்புறம் பார்த்துக்கலாம்.

மஞ்சூர்_மெக்கானிக்

ஸ்ட்ரோப்பை இவ்வளவு மட்டம் தட்ட வேண்டாம்ங்க. முறையா பார்த்தா நல்ல கருவி. பார்க்கற விதத்துலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க.

மொதல் விஷயம் விளக்கு. இப்ப வர்ற எல்இடி பல்புல நிறைய மின்னவே மின்னாது, உள்ள இருக்கிற டிரைவர் அதைச் சமமாக்கிடும். கோடு எல்லாம் சாம்பல் பட்டையா கலங்கித் தெரியும். பழைய சோக்கு வெச்ச ட்யூப்லைட், நியான் விளக்கு, இல்லேன்னா பூஜை அறைக்கு வாங்குற மலிவான ஜீரோ வாட் எல்இடில சிலது நல்லா மின்னும். ஃபோன் டார்ச் ஆகாது.

ரெண்டாவது, சின்ன ஸ்ட்ரோப் அட்டையா பிரிண்ட் எடுத்து ரெக்கார்டோட லேபிள் மேல போடுங்க. லேபிள் குறுக்களவு 100 மில்லிமீட்டர். அட்டை அதுக்குள்ள அடங்கணும். இப்ப ஊசியை இறக்கிப் பாட விட்டுட்டே கோட்டைப் பார்க்கலாம். ஊசி தூக்கினப்ப எவ்வளவு, முதல் பாட்டுல எவ்வளவு, கடைசிப் பாட்டுல எவ்வளவுன்னு மூணு தடவை எழுதிக்குங்க. 2 கிராம் அழுத்தத்துக்கு ஊசி இழுக்கிற இழுப்பு அரை கிராம் எடை மாதிரிதான். ஆனா அது வெளி விளிம்புல 146 மில்லிமீட்டர் தள்ளி நின்னு இழுக்குது, உள்ளே வந்தா 60தான். அதனால வெளியே பிரேக் அதிகம், உள்ளே கம்மி. பெல்ட் தளர்ந்திருந்தா இந்த வித்தியாசம் பெருசா தெரியும்.

மூணாவது ஒரு பொறி. அமெரிக்காவுல இருந்து வந்த மெஷின். தட்டு ஓரத்துலயே புள்ளி இருக்கும், 60 ஹெர்ட்ஸுக்கு 216 புள்ளி. புல்லியும் (மோட்டார் தண்டுல பெல்ட் ஓடுற சக்கரம்) 60 ஹெர்ட்ஸ் புல்லி. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஊட்டியில ஓட்டினா மோட்டார் ஆறுல ஒரு பங்கு மெதுவாகும், தட்டு 27.78ல சுத்தும். 50 ஹெர்ட்ஸ் விளக்குல அந்த 216 புள்ளி எந்த வேகத்துல நிக்கும்னு கணக்குப் போடுங்க: 6000ஐ 216ஆல் வகுத்தா 27.78! புள்ளி சிலையாட்டம் நிக்கும், பாட்டு மட்டும் சுமார் ஒன்றரைக் கட்டை கீழே போயிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது.

கேத்தி_அலைவரிசை

கரண்டையும் நம்பாம, டெஸ்ட் ரெக்கார்டையும் நம்பாம, ஓட்டை தள்ளியிருந்தாலும் கவலைப்படாம சராசரி வேகத்தை எடுக்க ஒரு வழி இருக்கு: கடைசிப் பூட்டுப் பள்ளம். எல்பி முடிஞ்சதும் ஊசி ஒரே வட்டத்துல சுத்திக்கிட்டே இருக்குமே, அதுதான். பள்ளம் தன்னோடவே சேர்ற இடத்துல பெரும்பாலும் ஒரு 'டக்' இருக்கும்.

ஊசியை அங்கேயே விட்டுட்டு, ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியோட சின்ன சிக்னலைப் பெருக்குற பெட்டி), யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியா ஆடாசிட்டிங்கற ஒலிப்பதிவு மென்பொருள்ல மூணேகால் நிமிஷம் பதிவு பண்ணுங்க. முதல் 'டக்'கை நல்லா பெரிசாக்கி அதோட முனை நேரத்தைக் குறிச்சுக்குங்க. அதுல இருந்து 180 விநாடி தள்ளிப் போனா பக்கத்துல இன்னொரு 'டக்' இருக்கும். அது 101ஆவது. ரெண்டுக்கும் நடுவில் 100 சுத்து. சரியான வேகம்னா 180.000 விநாடி. 0.18 விநாடி குறைஞ்சா 0.1% வேகம், கூடினா 0.1% மெதுவு. ஒவ்வொண்ணா எண்ண வேண்டியதில்லை. ஆனா பிழை அரை சதவீதத்தைத் தாண்டினா பக்கத்து 'டக்'கோட குழம்பிடும். அப்போ முதல்ல 10 சுத்துக்கு 18 விநாடின்னு பார்த்துட்டு அப்புறம் நூறுக்குப் போங்க.

ஆடியோ இன்டர்ஃபேஸ் கடிகாரம் குவார்ட்ஸ். 50 பிபிஎம் (பத்து லட்சத்துல 50) தப்பினாலும் 0.005%தான், அதைப் பத்தி நினைக்கவே வேண்டாம்.

தானே நின்னுபோற ஆட்டோஸ்டாப் மெஷின்ல இது முடியாது. அதுக்குத் தூக்கிப்போடற ஒரு ரெக்கார்டுல ஸ்கேல் வெச்சு மையத்துல இருந்து விளிம்புக்கு நேரா குண்டூசியால மெல்லிசா ஒரு கோடு இழுங்க. சாய்வா இழுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் 'டக்' கொஞ்சம் கொஞ்சமா விலகும். இதுல ஒரு கூடுதல் லாபம்: வெளி விளிம்புல 50 சுத்து, உள்ளே 50 சுத்துன்னு தனித்தனியா எடுத்து ஊசி இழுப்போட பாதிப்பை எண்ணாவே பார்க்கலாம். டோன்ஆர்ம் வில்லா நகர்றதால வர்ற பிழை 0.02% அளவுதான், விட்டுடலாம்.

கொண்டைஊசி_14

ஃபோன் பாக்கி இருந்தது. ஜைரோவுக்கு ரெண்டு விதமான பிழை. ஒண்ணு, சும்மா இருக்கும்போதே கொஞ்சம் சுத்துற மாதிரி காட்டறது. இன்னொண்ணு, உண்மையான சுழற்சியை ஒரு விகிதத்துல கூட்டியோ குறைச்சோ சொல்றது. முதல் பிழையைக் கழிக்க எளிய வழி: ஒருமுறை ஃபோனை நிமிர்த்தி வெச்சுப் பாருங்க, இன்னொரு முறை குப்புற வெச்சுப் பாருங்க, ரெண்டையும் சராசரி எடுங்க. குப்புறப் போட்டா சுழற்சியோட குறி மாறும், சும்மா காட்டற பிழையோட குறி மாறாது. சராசரியில அது அடிபட்டுப் போகும். ரெண்டாவது பிழை இதுல போகாது. பூட்டுப் பள்ளத்துல எடுத்த வேகத்தோட ஒப்பிட்டு ஒரு பெருக்கு எண் கண்டுபிடிச்சு வெச்சுக்குங்க.

ஃபோன் நட்டநடுவில் இருக்கணும்னு கட்டாயமில்லை, கோண வேகம் எங்கே வெச்சாலும் ஒண்ணுதான். ஆனா 200 கிராம் ஒரு ஓரமா உட்கார்ந்தா தட்டு சாயும், ஸ்பிரிங் வெச்ச மெஷின்ல நல்லாவே ஆடும். அதனால நடுவில்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: ஃபோன் இருக்கிற இடத்துல ஊசி ஓட முடியாது. பாடும்போது என்ன வேகம்ங்கற கேள்விக்கு அது பதிலே சொல்லாது.

லவ்டேல்_லாங்பிளே

எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு.

லேபிள் மேல ஸ்ட்ரோப், ஊசி இறக்கி: 30 விநாடிக்கு ஒரு கோடு முன்னால. ஊசி இல்லாம இருந்த 15 விநாடி இப்ப ரெண்டு மடங்காயிருக்கு.

பூட்டுப் பள்ளம், 100 சுத்து: 179.83 விநாடி.

ஃபோன் நிமிர்த்தி 33.12, குப்புற 33.40. சராசரி 33.26.

டெஸ்ட் ரெக்கார்டு ஆட்டம் சரியா 1.8 விநாடிக்கு ஒருமுறைதான்.

கேத்தி_அலைவரிசை

179.83ன்னா 33.365, அதாவது 0.094% வேகம். 3150ஐ அதே விகிதத்துல கூட்டினா 3152.97. உங்க டெஸ்ட் ரெக்கார்டு சராசரி 3153. அப்போ அந்த ரெக்கார்டை வெட்டினவங்க ஒழுங்கா வெட்டியிருக்காங்க. இனிமே அதோட சராசரியை நம்பலாம். ஃபோனோட பெருக்கு எண் 33.365ஐ 33.26ஆல் வகுத்தா 1.003.

ஸ்ட்ரோப் 0.033% சொல்லுது, பள்ளம் 0.094% சொல்லுது. நடுவில் இருக்கிற 0.06% கரண்டோடது. குந்தா சார் சொன்ன அதே 50.03 ஹெர்ட்ஸ் இருந்தா கணக்கு சரியா பொருந்துது.

குந்தா_கரண்ட்

யூகம் வேண்டாம், அதையும் கூடவே பதிவு பண்ணிடலாம். டெஸ்ட் டோன் ரெண்டு சேனல்லயும் ஒண்ணுதான். இடது சேனலுக்கு ஃபோனோ ப்ரீஆம்ப். வலது சேனலுக்குக் கரண்ட்!

நேரா பிளக்குல சொருகிடாதீங்க, உயிரும் போகும் இன்டர்ஃபேஸும் போகும். 9 வோல்ட் ஏசி தர்ற சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு எடுங்க. டிசி தர்ற அடாப்டர் உதவாது. அதோட வெளியீட்டுல 100 கிலோஓம், 1 கிலோஓம் ரெண்டையும் தொடரா போட்டு, 1 கிலோஓமுக்குக் குறுக்கே இருக்கிறதை லைன்இன்ல கொடுங்க. சுமார் 0.1 வோல்ட் வரும், அது போதும். டிரான்ஸ்ஃபார்மரோட முதல் சுத்துப் பக்கம் ஃபியூஸும் மூடின பெட்டியும் கட்டாயம்.

இப்ப ஒரே கோப்பில், ஒரே கடிகாரத்தில், தட்டும் கரண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும். ஒரு நிமிஷத் துண்டா வெட்டி ரெண்டோட அலைவெண்ணையும் எடுங்க. கரண்ட் 50.03ல இருந்து 49.97க்கு இறங்கறப்ப டோனும் 3153ல இருந்து 3149க்கு இறங்கினா மோட்டாரும் பெல்ட்டும் குற்றவாளி இல்லை. கரண்ட் நிலையா இருந்து டோன் மட்டும் நகர்ந்தா பெல்ட்டைப் பாருங்க.

மஞ்சூர்_மெக்கானிக்

இந்த 0.1%க்கு இவ்வளவு சடங்கா? அரைக் கட்டை மாறணும்னாலே 6% வேகம் மாறணும். 0.1%ங்கறது அதுல அறுபதுல ஒரு பங்கு. சுருதிப் பெட்டி வெச்சு ஒத்துப் பார்த்தாலும் தெரியாது. அதை அப்படியே விடுங்க.

கேத்தி_அலைவரிசை

0.1% சராசரியை விடலாம், ஒத்துக்கிறேன். ±7 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை விட முடியாது. அது ±0.22%; நாதஸ்வரக் கார்வையில 1.8 விநாடிக்கு ஒருமுறை அலை மாதிரி ஏறி இறங்கும். சில ஆப்கள் இதையே '0.07%'ன்னு அழகா காட்டும். காரணம் அவை பயன்படுத்துற எடைவளைவு. காது 4 ஹெர்ட்ஸ் ஆட்டத்தைத்தான் அதிகமா உணரும்னு 4க்கு முழு எடை, 1.8 விநாடிக்கு ஒருமுறைங்கற 0.55 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 10 டெசிபல் குறைச்சுடும். மூணுல ஒரு பங்கா சுருங்கிடும். அதனால எடை போட்ட எண்ணா, போடாத எண்ணா, உச்சமா, ஆர்எம்எஸ்ஸா (ஒருவகைச் சராசரி)ன்னு சொல்லாம யாராவது வெறும் எண்ணைக் கொடுத்தா அதுக்கு அர்த்தமே இல்லை.

மென்பொருளே இல்லாம காதால கேட்க ஒரு வழி: ஆடாசிட்டியில 3150 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒண்ணு உருவாக்கி, பதிவோட சேர்த்து ஒலிக்க விடுங்க. விம்மல் கேட்கும். விநாடிக்கு மூணு விம்மல்னா 3 ஹெர்ட்ஸ் வித்தியாசம். விம்மல் விரைஞ்சு, தணிஞ்சு, மறுபடி விரையும். அந்த மூச்சுதான் ஓட்டையோட ஆட்டம்.

கொண்டைஊசி_14

ஓட்டைக் கணக்கு எளிது: தள்ளல் ÷ பள்ளத்தோட ஆரம் = வேக ஆட்டம். டெஸ்ட் டோன் 120 மில்லிமீட்டர் ஆரத்துல இருந்தா 0.22%க்குத் தள்ளல் 0.27 மில்லிமீட்டர். அதே ரெக்கார்டுல 60 மில்லிமீட்டருக்கு வந்தா ஆட்டம் இரட்டிப்பு. பக்கம் முடியுற இடத்துல வீணை அழுகிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி பண்ற விதம். டெஸ்ட் ரெக்கார்டைப் பலி கொடுக்கணும். ஓட்டை 7.24 மில்லிமீட்டர், உருட்டு அரத்தால சுத்திலும் ஒரே மாதிரி ராவி 8 ஆக்குங்க. தூளைத் துடைச்சிடுங்க. தட்டுல போட்டு ஊசியை இறக்கி, ஹெட்ஷெல்லுக்கு (டோன்ஆர்ம் முனையில ஊசி மாட்டியிருக்கிற பகுதி) நேர் எதிரே ஒரு மில்லிமீட்டர் ஸ்கேலை நிறுத்தி வெச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு மறு கண்ணால பாருங்க. தட்டு சுத்தறப்ப ஹெட்ஷெல் உள்ளே ஒரு தடவை, வெளியே ஒரு தடவை அசையும். அது அதிகபட்சமா வெளியே போற நேரத்துல ஊசிக்குக் கீழே ரெக்கார்டோட எந்த இடம் இருக்குன்னு லேபிள்ல பென்சிலால குறிங்க. ஊசியைத் தூக்கிட்டு, தட்டை நிறுத்திட்டு, குறி இருக்கிற பக்கத்து விளிம்பை விரல் நுனியால மையத்தை நோக்கித் தட்டுங்க. மொத்த அசைவுல பாதி அளவுக்கு மட்டும். முழு அசைவுக்கும் தள்ளினா அந்தப் பக்கம் அதே அளவு தள்ளிப்போயிடும். நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கிறாங்க. நாலஞ்சு தடவையில அசைவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்துடும்.

பாட்டு ரெக்கார்டுகள்ல இந்த ராவல் வேலை வேண்டாம். ஓட்டைக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையில இருக்கிற இடைவெளியிலேயே கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். நாகமிச்சி டிஎக்ஸ்-1000 மாதிரி தானே மையம் தேடுற மெஷின் வீட்டுல இருந்தா இந்தப் பத்தியைப் படிச்சிருக்கவே வேண்டியதில்லை.

குன்னூர்_குவார்ட்ஸ்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. கையேட்டுல வேக ஆட்டத்துக்கு 0.01%, 0.025%ன்னு ரெண்டு எண் போட்டிருக்கு. டெஸ்ட் ரெக்கார்டுல 0.15% வருது. குவார்ட்ஸ் கெட்டுப்போச்சா?

கொண்டைஊசி_14

கெடலைங்க. 0.01%க்குக் கீழே இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க: தட்டு உட்பட டர்ன்டேபிள் மட்டும், ரெக்கார்டு, கார்ட்ரிட்ஜ், டோன்ஆர்ம் பாதிப்பு சேராதுன்னு போட்டிருக்கும். மோட்டாரே தர்ற சிக்னல்ல இருந்து எடுத்த எண் அது. 0.025% ஜப்பானிய தர முறையில எடைவளைவோட எடுத்தது. உங்க 0.15%ல பெரும்பங்கு ரெக்கார்டு ஓட்டைதான். பூட்டுப் பள்ள முறையில 100 சுத்து எடுங்க, 180.00க்குப் பக்கத்துலயே நிக்கும். உங்க மெஷின்ல ஸ்ட்ரோப் விளக்கும் குவார்ட்ஸ்ல மின்னுது, கரண்ட்ல இல்லை. அதனால மேல பேசின கிரிட் சமாச்சாரம் எதுவும் உங்களுக்குக் கிடையாது.

கோடப்பமந்து_78

புது பெல்ட் மாத்தினதுல இருந்து கிட்டத்தட்ட 0.4% வேகம் கூடிப்போச்சு. பெல்ட் இறுக்கமா இருக்கிறதாலயா?

மஞ்சூர்_மெக்கானிக்

இறுக்கம் இல்லைங்க, தடிமன். பெல்ட் ஓடறப்ப அதோட நடு அடுக்குதான் உண்மையான வேகத்துல போகுது. அதனால புல்லியோட கணக்குக் குறுக்களவு = புல்லி + ஒரு பெல்ட் தடிமன். புல்லி 20, பெல்ட் 1 மில்லிமீட்டர்னா 21. புது பெல்ட் 1.1ன்னா 21.1. புல்லிப் பக்கம் 0.48% கூடும். தட்டுப் பக்கமும் அதே 0.1 கூடும், ஆனா அது 157 மில்லிமீட்டர்ல 0.06%தான். மிச்சம் 0.4% வேகம். வெர்னியர் காலிப்பர்ல அழுத்தாம அளந்து பாருங்க. அழுத்தினா ரப்பர் நசுங்கி பழைய அளவையே காட்டும்.

இன்னொண்ணு. பெல்ட் வழுக்குதுன்னு நீலகிரித் தைலம் போட்டுத் துடைக்காதீங்க. நம்ம ஊர்ல தலைவலிக்கும் அதுதான், ஸ்டிக்கர் பசை எடுக்கவும் அதுதான், சரி. ரப்பரை அது ஊத வைக்கும், மெதுவாக்கும். பெல்ட்டுக்குப் பதிலா சில மெஷின்ல இருக்கிற ரப்பர் ஐட்லர் சக்கரத்துக்கும் ஆகாது. புல்லிக்கு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். பெல்ட்டுக்கு இளஞ்சூட்டுத் தண்ணியில துளி சோப்பு. நிழல்ல உலர்த்திட்டு ரெண்டு விரல்ல ஒட்டுற அளவு டால்கம் பவுடர்.

ஜனவரி காலையில பனி விழற நேரத்துல அளந்து பதறவும் வேண்டாம். எண்ணெய் தடிச்சிருக்கும், பெல்ட் விறைச்சிருக்கும். போட்டதும் ஒண்ணு, 5, 15, 30 நிமிஷத்துல ஒவ்வொண்ணுன்னு எழுதி வையுங்க. கடைசி ரெண்டும் ஒண்ணா இருந்தா அதுதான் உங்க வேகம்.

கோடப்பமந்து_78

நன்றி சார். 78க்கும் இதே 50 ஹெர்ட்ஸ் அட்டைதானா? சுழற்சி வேகம் அளக்கிற லேசர் டேக்கோமீட்டர் ஒண்ணும் கையில இருக்கு.

கேத்தி_அலைவரிசை

78 வளையத்துல 77 கோடு. அது நின்னா 77.92. 45க்கு 133 கோடு, அது நின்னா 45.11. முழு எண் கோடுதான் அச்சடிக்க முடியும்ங்கறதால இந்தப் பிசிறு.

லேசர் டேக்கோ 33.3, 33.4ன்னு ஒரு தசமம்தான் காட்டும். ஒரு படியே 0.3%. ஒளிரும் பட்டை ஒண்ணுக்குப் பதிலா 36 டிகிரிக்கு ஒண்ணா பத்து ஒட்டுங்க, 333.3ன்னு காட்டும், படி 0.03% ஆயிடும். பட்டைகள் சமதூரத்துல இல்லேன்னா எண் துள்ளும், சராசரி கெடாது.

அர்டுயினோ வெச்சு செய்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊனோ பலகையில முதன்மைச் சில்லுக்குக் கடிகாரம் செராமிக் ரெசனேட்டர். அரை சதவீதம் வரை தப்பலாம். நாம தேடுற பிழையை விட அளவுகோலோட பிழை பெருசு. கிரிஸ்டல் இருக்கிற ஈஎஸ்பி32 எடுங்க. அதே பலகையில ஒரு எல்இடியை 100 ஹெர்ட்ஸ்ல, ஒவ்வொரு முறையும் அரை மில்லிவிநாடி மட்டும் எரிய வெச்சா கரண்ட்டுக்குக் கட்டுப்படாத ஸ்ட்ரோப் கிடைச்சாச்சு. 45க்கு 99.75 ஹெர்ட்ஸ் வையுங்க, 133 கோடு சரியா 45ல நிக்கும்.

லவ்டேல்_லாங்பிளே

டெஸ்ட் ரெக்கார்டை ராவி மையப்படுத்தினேன். முதல் தடவை முழு அசைவுக்கும் தள்ளிட்டேன், கொண்டைஊசி சார் சொன்ன அதே தப்பு. இப்ப டோன் 3151.5க்கும் 3154.5க்கும் நடுவில். வலது சேனல்ல கரண்ட் 50.03. பைத்தான்ல 2800–3500 ஹெர்ட்ஸ் வடிகட்டி, ஹில்பர்ட் மாற்றம் (கணத்துக்குக் கணம் அலைவெண்ணை எடுக்கிற கணக்கு), அலைவெண் கோடு, அப்புறம் அதோட நிறமாலை (எந்த வேகத்துல எவ்வளவு ஆட்டம்னு காட்டுற படம்) வரைக்கும் போயாச்சு. 0.556 ஹெர்ட்ஸ்ல, அதாவது சுத்துக்கு ஒருமுறை, இருந்த பெரிய கம்பம் போச்சு. ஆனா 4.17 ஹெர்ட்ஸ்ல ஒண்ணு, 9.5 பக்கத்துல அகலமா ஒண்ணு தெரியுது. இது என்ன?

கேத்தி_அலைவரிசை

9.5ல அகலமா இருக்கிறது டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த ஒத்ததிர்வு. பொதுவா 8லருந்து 12க்குள்ள விழும். வேகப் பிழை இல்லை, ஊசி முன்னும் பின்னும் ஆடறதால அப்படித் தெரியுது.

4.17ன்னு கூரா இருக்கிறது மோட்டார். 24 துருவம், 50 ஹெர்ட்ஸ், நிமிஷத்துக்கு 250 சுத்து. 60ஆல் வகுத்தா 4.17. புல்லி ஒரு சுத்துக்கு ஒருமுறை எதையோ செய்யுது. 4 ஹெர்ட்ஸ்ங்கறது காதுக்கு ரொம்பத் தெரியுற இடம், இதை விட வேண்டாம்.

மஞ்சூர்_மெக்கானிக்

தண்டு வளைஞ்சிருக்குன்னு உடனே மோட்டார் தேட ஆரம்பிக்காதீங்க. பெல்ட்டைக் கழட்டிட்டு, புல்லியோட பள்ளத்துல நகத்தை வெச்சு மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. பழைய பெல்ட் ரப்பர் கருப்பா ஒரு இடத்துல மட்டும் ஒட்டியிருக்கும், நகத்துல தட்டும். 0.05 மில்லிமீட்டர் மேடு போதும். பல்குத்தும் குச்சி முனையில துணி சுத்தி ஆல்கஹால்ல நனைச்சுத் துடைங்க. கத்தி வேண்டாம், பித்தளை கீறும்.

லவ்டேல்_லாங்பிளே

நகத்துல தட்டிச்சு. ஒரே இடத்துல, அரிசி அளவுக்கு நீளமா கருப்பு. துடைச்சு, 30 நிமிஷம் ஓட விட்டு மறுபடி எடுத்தேன்: 4.17 கம்பம் மூணுல ஒண்ணாயிடுச்சு. பூட்டுப் பள்ளம் 100 சுத்து 179.91, அந்த நேரம் கரண்ட் 50.01.